ஏழு மணிக்கு எங்கே போவது?

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் என்பது தமிழ்நாட்டில் குடிக்காதவர்களுக்கும் தெரியும். எந்தக் கடைக்கு பார் உண்டு, காந்தி ஜெயந்திக்கு முதல் நாள் எந்தக் கடையில் கூட்டம் அலைமோதும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். குடியை விட நினைக்கிற ஒருவர் தன்னைப் போன்றவர்களோடு உட்கார்ந்து பேச நம் ஊரில் எங்கே போக வேண்டும், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டால் நம்மில் அநேகமாக யாருக்கும் தெரியாது.

கேள்வி நம்மிடம் வராமல் இல்லை. வீட்டு வேலைக்கு வருகிற அக்கா கேட்டிருக்கிறார். ஆட்டோ ஓட்டுகிற தம்பி, மீதிச் சில்லறை கொடுக்கும்போது பாதிப் பேச்சில் கேட்டிருக்கிறார். சித்தப்பா மகள் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்து அழுதிருக்கிறாள். “அவரே விட்டுடணும்னுதான் சொல்றார், எங்க கூட்டிட்டுப் போறதுன்னுதான் தெரியல” என்பதுதான் எல்லோரும் கேட்டது. “விசாரிச்சுச் சொல்றேன்மா” என்றோம். விசாரிக்கவில்லை. நல்ல பல் டாக்டர் யார், எந்தப் பள்ளியில் சீட் கிடைக்கும், எந்த ஜோசியர் சரியாகச் சொல்வார் என்று கேட்டால் மறுநாளே மூன்று பெயரோடு வந்து நிற்கிறவர்கள் நாம்.

நாம் என்று யாரைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்தைச் சொல்லவில்லை. அதைத் திட்ட ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், திட்டுவதில் நியாயமும் இருக்கிறது. குடியிருப்போர் நலச் சங்கம் நடத்துகிறவர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள், வாசகர் வட்டக்காரர்கள், தொழிற்சங்கத்தார், ஆசிரியர்கள், டாக்டர்கள், என்னைப் போலப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள்: ஊரில் நாலு பேர் நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற இடத்தில் இருக்கிற எல்லோரையும் சொல்கிறேன்.

மதுவைப் பற்றி நாம் பேசாமல் இருந்ததே இல்லை. நூறு ஆண்டாகப் பேசுகிறோம். 1921-இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் நின்றார்கள். பெரியார் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-இல் அது தளர்ந்தது, 1974-இல் திரும்பி வந்தது, 1981-இல் மறுபடி போனது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2015 ஜூலை 31 அன்று, மதுக்கடையை அகற்றச் சொல்லிக் குமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரை விட்டார். 2016-இல் 500 கடை, 2017-இல் 500 கடை, 2023-இல் 500 கடை என்று மூடினார்கள். அதற்குப் பிறகும் 4,800-க்கு மேல் மிச்சம் இருந்தன. இதெல்லாம் நமக்கு மனப்பாடம். பட்டிமன்ற மேடையில் ஏற்றிவிட்டால் தண்ணீர் குடிக்காமல் ஒப்பிப்போம்.

இவ்வளவு பேச்சும் கடையைப் பற்றியது. ஏற்கெனவே குடிக்குள் கிடக்கிற ஆளைப் பற்றி இதில் எதுவும் இல்லை. கடையை மூடினால் அவர் தானாகத் தெளிந்துவிடுவார் என்று ஒரு தரப்பு நம்பியது. மூடினால் கள்ளச்சாராயம் குடித்துச் சாவார் என்று இன்னொரு தரப்பு பயமுறுத்தியது. இரு தரப்புக்கும் அவர் ஒரு சாட்சி, அவ்வளவுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது, செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுத்தது சரியா என்று நாள் கணக்கில் வாதாடினோம். பிழைத்து வீடு திரும்பியவரின் உடம்பிலிருந்து விஷத்தை இறக்கினார்கள். குடிக்கும் பழக்கம் அதோடு சேர்ந்து இறங்கியிருக்காது என்ற யோசனை நம் வாதத்தில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019-இல் வெளியானது. 10 வயதிலிருந்து 75 வயதுக்குள் குடிப்பவர்கள் சுமார் 16 கோடி. அவர்களில் குடி இல்லாமல் இருக்க முடியாத நிலைக்குப் போய்விட்டவர்கள் மட்டும் 2.9 கோடி. இப்படிப்பட்டவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு வகை உதவி கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மீதி 37 பேர் எங்கோ கண்காணாத இடத்தில் இல்லை. நமக்குத் தண்ணி கேன் போடுகிறவராகவும், நம் ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரராகவும் இருக்கிறார்கள்.

குடிநோயாளிகள் தங்களுக்குள் கூடிப் பேசுகிற கூட்டம் என்கிற ஏற்பாடு தொடங்கியதே ஓர் ஆளைத் தேடிப்போன கதையில்தான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் நகரம். நியூயார்க்கிலிருந்து வியாபார விஷயமாக வந்த பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர், வந்த காரியம் தோற்றுப்போய் ஓட்டலின் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். குடியை விட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு பக்கம் மதுக்கூடம், அங்கிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி, அருகில் அந்த ஊர்த் தேவாலயங்களின் பட்டியல். இந்த நேரத்தில் தான் பேச வேண்டியது இன்னொரு குடிநோயாளியோடு என்று அவருக்குத் தோன்றியது. பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டார். அவர் சில பெயர்களைக் கொடுத்தார். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனதில் கடைசியாக ஒரு பெண்மணி, எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருக்கிறார், வாருங்கள் என்றார். அந்த டாக்டர் பாப் ஸ்மித், அறுவைச் சிகிச்சை நிபுணர், மீள முடியாமல் குடித்துக்கொண்டிருந்தவர். கால் மணி நேரம் மட்டும் என்று சொல்லி உட்கார்ந்தவர் பல மணி நேரம் பேசினார். அவர் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10-ஐத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. ஏஏ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்தக் கதையில் எல்லோரும் வில்சனையும் ஸ்மித்தையும்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள். போனை எடுத்து ‘தெரிந்தவர் இருக்கிறார்’ என்று சொன்ன பெண்மணி இல்லாவிட்டால் கதையே இல்லை. அவருக்கு முன்னால் கைவிரித்த பெயர்களில்தான் நாம் இருக்கிறோம்.

1957-இல் பம்பாயில் வேர்பிடித்த ஏஏ பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்தது. சென்னை, கோவை, மதுரை என்று பல ஊர்களில் இன்று தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. பெரும்பாலும் மாலை ஏழு மணிக்கு, ஒன்றரை மணி நேரம். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஏஏவின் பன்னிரண்டு படிகள், டீ. சற்று நேரம் மௌனம். பிறகு ஒருவர் தன் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்கி, குடித்த காலத்தில் நடந்தது என்ன, எப்படி நிறுத்தினார், இப்போது எப்படி இருக்கிறார் என்று பேசுவார். யாரும் குறுக்கிடுவதில்லை, புத்திமதி சொல்வதில்லை. ஆயுளுக்கும் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்குவதும் இல்லை. இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இருந்தால் போதும், நாளைக்கு நாளை. சேர்வதற்கு ஒரே தகுதி, நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது. ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர்கள் போடுவார்கள், அதிலிருந்து அறைக்கு வாடகையும் டீச்செலவும் போகும். வெளியாள் நன்கொடை நீட்டினால் வாங்கமாட்டார்கள். சில கூட்டங்கள் குடிநோயாளிகளுக்கு மட்டும். சில கூட்டங்களுக்கு மனைவி, மக்கள், டாக்டர், நம்மைப் போன்றவர்கள் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அதற்கும் நாம் போனதில்லை.

பள்ளியில் கள்ளுண்ணாமை அதிகாரத்தை மதிப்பெண்ணுக்காகப் படித்தோம். திருக்குறளில் 93-ஆவது அதிகாரம். அதன் கடைசி இரண்டு குறள்களையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். போதையில் இருப்பவனிடம் காரணம் சொல்லித் திருத்தப் பார்ப்பது, நீருக்கடியில் மூழ்கியவனை விளக்கு கொண்டு தேடுவதற்குச் சமம் என்கிறது முதலாவது. நம் வீடுகளில் இரவு பத்தரை மணிக்கு நடப்பது அதுதான். குடிப்பவன் தான் குடிக்காதிருக்கும் நேரத்தில் குடித்துக் கிடக்கும் இன்னொருவனைப் பார்த்தால் தன் கதியை எண்ணிப் பார்க்கமாட்டானா என்று கேட்கிறது அடுத்தது. தெளிந்த நேரம், எதிரே இன்னொரு குடிநோயாளி. ஏழு மணிக் கூட்டம் இயங்குவதும் இப்படித்தான். ஒரு வித்தியாசம், எதிரே இருப்பவர் கிடப்பதில்லை. கிடந்த கதையை நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறார், அதனால் எழுந்திருக்க வழி உண்டு என்பதும் கேட்கிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. நாம் இந்தக் குறள்களைப் பேச்சுப் போட்டிக்குக் கொடுத்துக் கோப்பை வழங்கினோம். ஓர் ஊரிலாவது இதை வழிமுறையாக எடுத்துக்கொண்டு நாற்காலி போட்டுப் பார்த்தோமா?

பேசிப் பேசியே குடி போய்விடுமா என்று சிரிப்பவர்கள் உண்டு. மருத்துவ ஆய்வுகளை அலசிச் சொல்லும் காக்ரேன் அமைப்பு 2020-இல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு, எடுத்துப் பார்த்தது. நோயாளியை ஏஏ கூட்டங்களோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை, முழுக்கக் குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குச் சளைத்ததில்லை, பல இடங்களில் மேலாகவே இருக்கிறது என்று முடிவு சொன்னது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேல்நாட்டில் நடந்தவை, நம் ஊருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நாம் அப்படிக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கூட்டங்கள் நடக்கும் இடங்களைப் பார்த்தால் தேவாலய வளாகங்களும் மிஷன் பள்ளிக்கூடங்களும் நிறைய இருக்கும். அவர்கள் அறையைத் திறந்துவிட்டார்கள், அதுதான் காரணம். நம் தெருவில் சமுதாயக் கூடம் இருக்கிறது, சங்கக் கட்டடம் இருக்கிறது, கோயில் மண்டபம் இருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் பூட்டுதான் தொங்குகிறது. “குடிகாரனுங்க வந்து கூடினா ஏரியா பேர் கெட்டுடும் சார்” என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் மறுக்கவில்லை, மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மிக்சர் சாப்பிட்டுக் கலைந்தோம். அந்த மாலை அந்தத் தெருவில் நிச்சயமாகக் குடிக்காமல் இருக்கப் போகிறவர்கள் கூட்டத்துக்கு வருகிறவர்கள்தான் என்று எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பிறகு ஒரு பெண், “சர்ச்சுல நடக்குதாமே, மதம் மாத்திருவாங்களோ” என்று தயங்கினால் நாமும் யோசனையாகத் தலையாட்டுகிறோம். ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை, இடம்தான் சர்ச்சுடையது. கடவுள் என்ற சொல் அவர்களுடைய படிகளில் வரும், அவரவர் உணர்ந்த விதத்தில் என்ற விளக்கத்தோடு. பகுத்தறிவாளர்களை அது உறுத்தலாம். உறுத்தினால் கடவுள் இல்லாத கூட்டம் ஒன்றை அவர்கள் தொடங்கியிருக்கலாமே. ஊருக்கு ஊர் படிப்பகம் வைத்திருந்த இயக்கம் அவர்களுடையது. பெஞ்சும் இருந்தது, பேச்சும் இருந்தது.

இடம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறை எந்தத் தெருவில் இருக்கிறது என்பது யார் வருவார்கள் என்பதை முடிவு செய்துவிடும். ஊர்த்தெரு மண்டபத்துக்குக் காலனிக்காரர் மாலை ஏழு மணிக்கு வந்து சரிசமமாக நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதை நம் ஊர்களில் எத்தனை ஊர் சகிக்கும்? சாக்கடைக்குள் இறங்குகிறவர் நாற்றம் தாங்க முடியாமல் குடித்துவிட்டுத்தான் இறங்குகிறார் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தே பைப்பைச் சரி செய்ததும் “இந்தாப்பா, தண்ணிச் செலவுக்கு” என்று நூறு ரூபாய் கூட வைத்துக் கொடுத்தவர்கள் நாம். அவருக்குக் கூட்டம் வேண்டாமா? அவர் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து உட்காரக்கூடிய தூரத்தில், அவரை ஏற இறங்கப் பார்க்காத இடத்தில் அது இருக்க வேண்டாமா?

கூட்டத்தைப் பற்றிய தகவல் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தோம். வருகிறவர்களின் பெயர்தான் ரகசியம். நேரமும் இடமும் இல்லை. சில நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களில், இன்றைய நிகழ்ச்சிகள் என்ற பகுதியில், பிரதோஷ பூஜைக்கும் ஆன்மிகச் சொற்பொழிவுக்கும் கீழே, குடிநோய் விழிப்புணர்வு என்று இடத்தோடும் நேரத்தோடும் ஒரு வரி பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. காபி குடித்துக்கொண்டே நாம் அதைத் தாண்டி ராசிபலனுக்குப் போனோம். விளம்பரம் செய்து ஆள் சேர்ப்பதில்லை என்பது ஏஏவின் மரபு. அப்படியானால் வழி சொல்ல வேண்டிய வேலை யாருடையது? மருந்துக்கடைக்காரர் சொல்லலாம், கிராம செவிலியர் சொல்லலாம், பள்ளி ஆசிரியர் சொல்லலாம், பத்திரிகை சொல்லலாம். பத்திரிகைகளில் நாங்கள் எழுதியதெல்லாம் தீபாவளிக்கு எத்தனை கோடிக்கு விற்றது என்ற தலைப்புச் செய்திதான். 2023-24-இல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிய டாஸ்மாக் வருமானத்தைப் பற்றி எழுதிய பக்கத்தில், ஓர் ஓரமாக அந்த ஊர்க் கூட்டத்தின் முகவரியைப் போட எவ்வளவு இடம் வேண்டியிருக்கும்?

மருத்துவர்களான நாம் “குடிப்பீங்களா? விட்டுடுங்க, ஈரல் வீங்கியிருக்கு” என்று சீட்டில் ஒரு வரி எழுதி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டோம். நெடுங்காலம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து பிதற்றத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் வைத்து மருந்தோடு கடக்க வேண்டிய கட்டம் அது. கூட்டம் அதற்கு மாற்றாகாது. வீடுகளில் நாம் என்ன செய்தோம்? மனசு வைத்தால் விடலாம் என்று அறையில் பூட்டினோம். கோயிலில் கயிறு கட்டிக் கூட்டி வந்தோம். தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடியே வெறுத்துவிடும் என்ற விளம்பரத்தை நம்பிப் பொடி வாங்கினோம். குடியை வெறுக்க வைக்கும் டைசல்பிராம் போன்ற மருந்தை ஒருவருக்குத் தெரியாமல் கொடுத்து, அதன் மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். அவர் சம்மதத்தோடு டாக்டர் மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து அது. அந்தப் பொடியும் தோற்றபோது, உரிமம் இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல், ராத்திரியில் வேனில் வந்து ஆளைத் தூக்கிப்போகிற மையத்துக்கு முன்பணம் கட்டினோம். அடித்துத்தான் திருத்துகிறார்கள் என்று தெரிந்தும் கட்டினோம்.

ஆனாலும் கூட்டத்தின் பயன் நம் கண்ணெதிரே ஒவ்வொரு கார்த்திகையிலும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. மாலை போட்டுக்கொள்கிற குடிகாரர்களைப் பார்த்திருக்கிறோம். தினமும் குவார்ட்டர் இல்லாமல் தூங்காதவர் ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடாமல் இருக்கிறார். பக்தி, பயம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அவருடைய சாயங்காலத்தைக் கவனித்தோமா? ஆறரை மணிக்குக் குளிக்கிறார், ஏழு மணிக்கு ஏதாவது ஒரு சாமி வீட்டில் பஜனை, அவரைப் போலவே விரதம் இருக்கிற நாலைந்து பேர், குருசாமி என்று ஒரு மூத்தவர், பெயர் சொல்லாமல் எல்லோரையும் சாமி என்று கூப்பிடுகிற மரியாதை. கூட்டத்துக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் அங்கே இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய மறுநாள் பஜனை இல்லை, குருசாமி இல்லை, ஏழு மணி மட்டும் இருக்கிறது. கடைக்குப் போய்விடுகிறார். “பாத்தியா, ஒரு நாள் தாங்கல” என்று சிரித்தோம். தாங்காதது அவர் மட்டும்தானா? மார்ச் மாதத்திலும் அந்த நாலைந்து பேரை வாரம் ஒரு முறை கூட்டி உட்கார வைக்க எந்த குருசாமிக்கும் நாம் ஒத்தாசை செய்ததில்லை.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வருகிற முதல் நாளும் அந்த மறுநாளைப் போன்றதுதான். பத்து நாள், பதினைந்து நாள் படுக்கையில் இருந்து, உடம்பு தேறி, பஸ்ஸில் இறங்குகிறார். நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் கடை. சேக்காளிகள் அங்கேதான் நிற்கிறார்கள். ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை வேறு எங்கேயும் போய்ப் பழக்கம் இல்லாதவர் அவர். வீட்டில் அந்த நேரத்தில் மனைவியின் சந்தேகப் பார்வையும் டிவி சீரியலும் இருக்கின்றன. 2025-இல் தமிழ்நாடு அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. நல்ல காரியம். அங்கே படுக்கை கிடைக்கும், மருந்து கிடைக்கும், ஆலோசனை கிடைக்கும். வீடு திரும்பிய பிறகு வருகிற ஏழு மணியை எந்த மருத்துவமனையும் நிரப்ப முடியாது. அது ஊர் நிரப்ப வேண்டிய நேரம்.

ஊர் நிரப்பிய உதாரணமும் நம் மண்ணிலேயே இருக்கிறது. குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய அமைப்பு, பின்னாளில் அடையாறு இந்திரா நகரில் டிடிகே மருத்துவமனையாக வளர்ந்தது. அவருக்கு 1992-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நகரத்துக்கு வந்து தங்கிச் சிகிச்சை பெறக் கிராமத்துக் கூலிக்காரரால் முடியாது என்று அவர்கள் 1989-இல், இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் மஞ்சக்குடிக்கே போய் முகாம் போட்டார்கள். ஊரே இடம் கொடுத்தது. அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து தங்கினார்கள், மனைவிமார்களையும் வரவழைத்துப் பேசினார்கள், முகாம் முடிந்த பிறகும் விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். அந்த அனுபவம் 1994-இல் அடிக்‌ஷன் என்ற சர்வதேச மருத்துவ இதழில் கட்டுரையாக வந்தது. உலகம் படித்தது. பக்கத்து மாவட்டம் படித்ததா? கண்தான முகாம், ரத்ததான முகாம், சர்க்கரை நோய் முகாம் என்று வாரம் தவறாமல் பந்தல் போடுகிற நம் சங்கங்கள் மஞ்சக்குடியைப் பின்பற்றியிருந்தால் இந்நேரம் தாலுகாவுக்கு ஒன்றாவது இருந்திருக்கும்.

பெண்கள் விஷயத்தில் நம் அலட்சியம் இரட்டிப்பு. குடிக்கிற பெண்ணே இல்லை என்று பாவனை செய்கிறோம். அவர் போய் உட்கார, பெண்களே நடத்துகிற கூட்டம் எத்தனை ஊரில் இருக்கிறது? குடிக்கிறவரின் மனைவிக்கும் ஒரு கூட்டம் உண்டு, அல்-அனான் என்று பெயர். பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் தொடங்கி வைத்தது. கணவர் குடியை விடாவிட்டாலும் மனைவி அங்கே போகலாம். அவர் குடிப்பதற்கு நீ காரணமில்லை, உன்னால் அவரைக் கட்டுப்படுத்தவும் முடியாது என்பதைத் தன்னைப் போன்ற பெண்களிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறார். நம்மிடம் வந்திருந்தால் “நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்றுதான் சொல்லியிருப்போம், அதைத்தான் சொன்னோம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் தனியாகக் கூட்டம் உண்டு. அப்பா குடித்துவிட்டுப் பள்ளி வாசலில் விழுந்து கிடந்த மறுநாள் அந்தப் பையனை வகுப்பில் மற்றவர்கள் பார்த்த பார்வையை ஆசிரியர்களான நாம் கவனித்தோம். கவனித்துவிட்டுப் பாடம் நடத்தினோம்.

கடைசியாக, விட்டவர்களை நாம் நடத்திய விதம். கூட்டத்துக்குப் போய், தட்டுத்தடுமாறி ஓராண்டு தாக்குப்பிடித்தவர் கல்யாண வீட்டுக்கு வந்தால் “இன்னிக்கு ஒரு நாள்தானே மாப்ள, ஒரு கட்டிங் போடு” என்று கையில் திணித்தது எதிரி இல்லை, நாம்தான். சாவு வீட்டில், தேர்தல் வேலையில், ஆபீஸ் பார்ட்டியில், அவர் ஒதுங்கி நின்றால் “ரொம்பத்தான் நல்லவன் ஆயிட்டான்” என்று கிண்டல் செய்ததும் நாம்தான். மறுபடி ஒரு முறை சறுக்கினால், இதெல்லாம் திருந்தாத ஜென்மம் என்று தீர்ப்பெழுதினோம். சறுக்குவது இந்த நோயின் இயல்பு என்பதும், சறுக்கியவர் அடுத்த நாளே திரும்பி வந்து உட்காரலாம் என்பதும் கூட்டத்துக்குத் தெரியும். நமக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஏஏ, அல்-அனான் கூட்டங்களின் தமிழ்நாட்டுப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கூட்டம் எது, எந்தக் கிழமை, எந்த நேரம் என்று பார்த்து, அதில் உள்ள எண்ணில் கூப்பிட்டு இப்போதும் நடக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டியலில் பழைய முகவரியும் இருக்கும். யாருக்கும் திறந்த கூட்டம் என்றால் ஒரு முறை போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை யாராவது கேட்டால் “நானும் கூட வரேன்” என்று சொல்ல முடியும். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் இல்லை. மருந்துக்கடை, முடிதிருத்தும் கடை, ஆட்டோ நிறுத்தம், ரேஷன் கடை நான்கிலும் அதை ஒட்டலாம். பக்கத்தில் கூட்டமே இல்லையென்றால், உங்கள் தெரு மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வாரம் ஒரு மாலை, ஏழிலிருந்து எட்டரை வரை, கேட்டு வாங்கிக் கொடுங்கள். வாடகையைக் கூட்டம் நடத்துகிறவர்களே கொடுத்துவிடுவார்கள்.